இளைப்பாறுவார்க்கு ஏற்ற இடம்

பிறக்கும் ஊரை ஒருவரும் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. தொழில் செய்யும் ஊரையும் பெரும்பாலும் உத்தியோகமே தீர்மானித்துவிடுகின்றது. உத்தியோகத்தினின்று இளைப்பாறும்பொழுதே, 'இனி எங்கே இருப்பது?' என்று தாமே முடிவுசெய்யும் உரிமை ஒருவருக்கு வாய்க்கின்றது. விழாக் காலத்திற் கல்லூரி முற்றத்திலே கூடும் பழைய மாணவர்களிடையே இவ்வினா இப்பொழுது அடிக்கடி எழக் கேட்கின்றோம். இளைப்பாறுதற்கு இன்னும் பல்லாண்டுகள் உடைய யாம் இதுபற்றி எழுதுதல் அதிகப்பிரசங்கமாகத் தோன்றலாம். எனினும், ஊரிலேயே இருந்து, வருவாரையும் வந்து மீள்வாரையும் ஆண்டுதோறும் காண்பவர் என்ற முறையிற் சில கூறத் துணிகின்றோம்.

முன்னாளில் இவ்வினாவுக்கு விடை ஒன்றே. கொழும்பிலே எழுதுவினைஞராயிருந்தவரும், மலாயாவிலே புகையிரதப் பகுதியிற் கடமையாற்றியவரும் இளைப்பாற்றுச் சம்பளத்துடன் யாழ்ப்பாணத்துக்கே மீண்டனர். 'சிங்கப்பூர்ப் பென்சனியர்' என்றால் ஊரில் ஒரு மதிப்பிருந்தது. கோயிற் றிருப்பணியாயினும், வாசிகசாலையாயினும், பாடசாலைக் கட்டடமாயினும் அவர்தம் கையும் பையும் அங்கே இருந்தன. அவர்கள் மீண்டு வந்த ஊரிலே உடன்பிறந்தார் அடுத்த வளவிலும், மைத்துனர் எதிர் ஒழுங்கையிலும் இருந்தனர். ஆதலின், வீட்டைக் கட்டினால் மட்டும் போதும். அயல் முன்னமே அமைந்திருந்தது.

இன்று அந்நிலை இல்லை. 1983 ஆம் ஆண்டின் வன்செயலும், 1990 ஆம் ஆண்டிலும் 1995 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுகளும் ஒழுங்கைகளையே கலைத்துவிட்டன. அண்ணன் இலண்டனிலும், தங்கை ரொறன்ரோவிலும், மகன் மெல்பேணிலும் வாழும் குடும்பங்கள் எம்மிடையே பல. மறுபுறம், முதியோர் தொகையோ பெருகுகின்றது. 1981 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 6.6 வீதமாயினர், 2012 இல் அது 12.4 வீதமாயிற்று. அறுபதில் இளைப்பாறும் ஒருவர்க்கு இன்னும் இருபது ஆண்டு வாழ்வு உண்டென எண்ணிக்கொள்வதே அறிவுடைமை. இருபது ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து பட்டதாரியாகும் அளவு காலமன்றோ?

இத்தகைய நீண்ட காலத்துக்கு இடம் தெரிவார் முதலில் வீட்டையும், பின்னர் காற்றையும் நீரையும், இறுதியில் மனிதரையும் எண்ணுகின்றனர். இவ்வரிசை தலைகீழானது என்பதே எம் கருத்து. புறநானூற்றின் 191 ஆம் பாட்டிலே, ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றார் பிசிராந்தையார். மாண்புடைய மனைவி மக்களையும், தம் கருத்தறிந்தொழுகும் ஏவலரையும், அல்லவை செய்யாது காக்கும் வேந்தனையும் சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரிலே சான்றோர் பலர் வாழ்தலைச் சொல்கின்றார். தம் மனையின் அகலத்தைப் பற்றியோ கிணற்று நீரின் சுவையைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொன்னாரல்லர். முதுமைக்கு உகந்த இடம் மனிதரால் அமைவது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இனி, பலர் எண்ண அஞ்சும் ஒன்றையும் கூறுதல் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே இடம் தெரிகின்றனர். ஆயின், அவ்விடத்தில் இறுதிவரை இருப்பவர் இருவருள் ஒருவரே. இலங்கையிற் பெண்கள் ஆண்களினும் சராசரியாக ஆறு ஆண்டுகளேனும் கூடுதலாக வாழ்கின்றனர். மனைவி கணவனுக்கு இளையளாயிருக்கும் எம் வழக்கத்தையும் சேர்த்து நோக்கின், தனித்திருக்கும் காலம் பத்தாண்டையும் தாண்டலாம். எனவே, 'எமக்கு எங்கே இன்பமாயிருக்கும்?' என்று கேட்பதினும், 'எம்முள் எஞ்சியவர்க்கு எங்கே அச்சமின்றி இருக்கலாம்?' என்று கேட்பதே முறை. கணவர் மோட்டார் வண்டி ஓட்டும் வரையிற் சந்தைக்கு நான்கு மைல் என்பது ஒரு தூரமன்று. அவர் இல்லாத நாளிலே அவ்வம்மையாருக்கு அதுவே கடக்க இயலாத கடலாகும். இந்த ஓர் அளவுகோலைக் கைக்கொண்டு, எம்மவர் தெரியும் மூவகை இடங்களையும் நோக்குவாம்.

முதலாவது, பிள்ளைகள் வாழும் வெளிநாடு. பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் இன்பத்துக்கு ஈடு இல்லை என்பதை மறுப்பாரில்லை. ஆனாற் பேரன் பத்து வயதை எய்தியபின் பாட்டனுக்கு அவ்வீட்டில் யாது கடமை என்பதையும் எண்ணல் வேண்டும். மகனும் மருமகளும் தொழிலுக்குச் சென்றபின், பனிபெய்யும் மாதங்களிலே சாளரத்தருகே அமர்ந்திருப்பதே நாட்பொழுது ஆகிவிடுகின்றது. பொருள் நிலையும் நோக்குதற்குரியது. கனடாவில் முதியோர்க்கு அரசு வழங்கும் ஓய்வூதியத்தைப் பெறுவதற்கு 18 வயதின்பின் 10 ஆண்டுகளேனும் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அறுபத்தைந்திற் போய்ச் சேர்பவர் எழுபத்தைந்து வரை பிள்ளையின் கையையே எதிர்நோக்க நேரிடும். இளமையிலேயே அங்கு குடியேறி, அந்நாட்டு மொழியும் வீதியும் நட்பும் தமக்கு ஆகியவர்க்கு இக்குறைகள் பொருந்தா. அவர்க்கு அதுவே ஊர்.

இரண்டாவது, கொழும்பு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடி வீடு வாங்குவாரைச் சிலர் எள்ளி நகையாடுவர். யாம் அவ்வாறு செய்யோம். கோயில், சந்தை, மருந்துக்கடை, வைத்தியர், வங்கி யாவும் காலி வீதியை ஒட்டி நடைதூரத்தில் அமைந்திருத்தல் பெரும் நன்மை. தனித்த பெண்ணொருத்தி கதவைப் பூட்டிக்கொண்டு அச்சமின்றி உறங்கலாம். எனினும், ஏழாம் மாடியில் வாழ்வார்க்கு மின்தூக்கியே கால். 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபொழுது, எரிபொருளும் அரிதாயிருந்தமையால், முதியோர் பலர் தம் மாடிகளிலேயே சிறையிருந்தனர். மாதந்தோறும் கொடுக்கவேண்டிய பராமரிப்புப் பணமும் இளைப்பாற்றுச் சம்பளத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். கொழும்பைத் தெரிவார் கடற்காட்சியை விடுத்து முதலாம் இரண்டாம் மாடிகளைத் தெரிதல் நன்று.

மூன்றாவது, சொந்த ஊர். எம் நெஞ்சு இதன்பாற் சாய்வதை மறைப்பதற்கில்லை. 2009 ஆம் ஆண்டின்பின் கண்டி வீதி திறந்தது. 2014 இல் யாழ் தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 இற் பலாலியில் சர்வதேச விமான நிலையமும் அமைந்தது. வழி திறந்ததும் பலர் வந்து முதுசொக் காணியிலே மாடிவீடுகளை எழுப்பினர். அவற்றுட் பல இன்று திருவிழாக் காலத்தில் மாத்திரம் திறக்கப்பட்டு, எஞ்சிய பதினொரு மாதமும் பூட்டிக் கிடக்கின்றன. காரணம் யாது? இளமையில் விட்டுச் சென்ற ஊர் அங்கே காத்திருக்கும் என்று எண்ணி வந்தனர். காணி இருந்தது, அயல் இருக்கவில்லை. நான்கு பூட்டிய வீடுகளின் நடுவே ஐந்தாம் வீட்டில் விளக்கேற்றி இருப்பது எளிதன்று.

ஆகவே, ஊருக்கு வர விரும்புவார்க்குச் சில கூறுவாம். வீடு கட்டுமுன் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஐப்பசி முதல் மார்கழி வரை வாழ்ந்து பார்த்தல் வேண்டும். ஆடியிலும் ஆவணியிலும் திருவிழாவுக்கு வந்து காணும் யாழ்ப்பாணம் வேறு. வாடைக்காற்றும் மழையும் ஒழுங்கையில் முழங்கால் நீரும் உள்ள யாழ்ப்பாணம் வேறு. முதுசொக் காணி உள்ளொழுங்கையிற் கிடப்பின், பற்றை ஒருபுறம் வைத்து, பிரதான வீதிக்கு அணித்தாய், விளக்கெரியும் வீடுகளிடையே இரண்டு பரப்பு தேடுதல் நன்று. வீடு ஒரு தளமாய், படியின்றி, சக்கர நாற்காலி நுழையும் அகலமுள்ள கதவும் குளியலறையும் உடையதாய் இருத்தல் போதும். கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் இன்றியமையாதது. சுண்ணக்கல் நிலமாகிய எம் குடாநாட்டில் உரமும் மலக்குழிக் கசிவும் எளிதில் நிலத்தடி நீரைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதனைத் தாண்டிய கிணறுகள் இங்கு பல உள.

உறுதிகளையும் காலத்தோடு நோக்குதல் வேண்டும். பங்கு பிரியாத காணியிலே வீடெழுப்புதல் உடன்பிறந்தாரோடு வழக்கெழுப்புதலாகவும் முடியும். பத்தாண்டு எதிரிடையாக ஆட்சிசெய்தவர் உரிமை கோருவதற்குச் சட்டம் இடந்தருகின்றது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றோர் காணியை விலைகொடுத்து வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. பெற்றோர்வழி உரிமையாய் வருவதற்கும், இரட்டைக் குடியுரிமை உடையார்க்கும் அத்தடை இல்லை. ஆதலின், இரட்டைக் குடியுரிமையை முன்னரே பெற்றுக்கொள்ளல் நலம்.

இவை யாவற்றினும் முதன்மையானது வரும் காலம். 'சாகும்பொழுது சொந்த மண்ணிற் சாகவேண்டும்' என்று எண்பதில் வருவாரை ஊர் வணங்கும், ஆயின் அறியாது. அறுபதில் வருபவரையே ஊர் அறியும். வாசிகசாலைக் கூட்டத்துக்கு வந்தவர், புராண படனத்திற் பயன் சொன்னவர், அயற்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு நாள் வெளியே காணப்படாவிடின் ஒருவர் வந்து படலையைத் தட்டுவார். அந்தத் தட்டுதலை எந்த விலைக்கும் வாங்குதல் இயலாது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத்தரும். படலையைத் தட்டுவாரைப் பெற்றுத்தராது.

இங்கே எம் கல்லூரிக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய மாணவர் கட்டடங்கள் பல தந்துள்ளனர், அதற்கு நன்றியுடையோம். இனி அவர்களுட் பொறியியலாளராயும் வைத்தியராயும் கணக்காளராயும் இருந்து இளைப்பாறியவர், கிழமைக்கு இரண்டு மணிநேரம் தருவாராக. உயர்தர வகுப்பு மாணவர் ஐவருக்கு ஒரு பழைய மாணவர் வாய்ப்பின், அவர்க்கு ஆசிரியர் கிடைப்பார். இவர்க்கு ஊர் கிடைக்கும். ஊரில் வாழும் இளைப்பாறிய பழைய மாணவர்களின் பெயர் விபரத்தைத் திரட்டி, அவர்களையும், அவர்களை இழந்து தனித்திருக்கும் மனைவியரையும் மாதமொருமுறை சென்று காணும் வழக்கத்தைச் சங்கம் தொடங்குமாயின், இவ்விழாவின் நினைவாக நாட்டும் கல்லினும் அது நெடிது நிற்கும்.

எங்கு இருத்தலென்பது அவரவர் குடும்பநிலைக்கு ஏற்ப முடிவாகும். எம்மூர்தான் என்று எவரையும் நெருக்குவேம் அல்லேம். எவ்விடமாயினும், தனித்திருப்பவர் நடந்து சென்று அடையக்கூடிய கடையும், கோயிலும், வைத்தியரும் உளரோ, அவர் வராவிடின் தேடுவார் உளரோ என்பதை முதலிற் கேட்டறிக. வீட்டின் படத்தைப் பின்னர் வரைக. அவ்வளவுகோலுக்கு எம்மூர் ஒத்துவருமெனத் துணிபவர், கால் வலியுள்ளபொழுதே வருக.