திருத்த வந்ததே பழுதாக்கினால்

"பரம்பரை வருத்தம், ஒண்டும் செய்யேலாது." இந்த வசனத்தைச் சொந்தக்காரர் வாயாலும் கேட்டிருக்கிறோம், படித்தவர்கள் வாயாலும் கேட்டிருக்கிறோம். அது அரைவாசிதான் உண்மை என்பது எங்கள் வாதம். சாட்சிக்கு நாங்கள் கூப்பிடுவது ஹன்டிங்டன் நோயை.

எங்கள் நாலாவது நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரை அலகு இருக்கிறது. அதில் சீ-ஏ-ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அநேகமானோருக்கு இருபது தடவை அளவில். 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஒருநாள் வருத்தம் வரும். இதை 1993இல் கண்டுபிடித்த பிறகு கதை இப்படித்தான் சொல்லப்பட்டது: தொடர் நீண்டால் புரதம் கெடும், கெட்ட புரதம் மூளையைத் தின்னும். முடிஞ்சுது அலுவல்.

ஆனா ஒண்டு இடிக்குது. பிறக்கும்போதே இருக்கிற பிழை ஏன் முப்பது, நாற்பது வயது மட்டும் பேசாமல் கிடக்கிறது?

டீஎன்ஏயின் இரண்டு இழைகள் பிரிந்து மீண்டும் சேரும்போது, இந்தத் தொடர் இருக்கிற இடத்தில் ஓர் இழை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி மாதிரி வெளியே துருத்தும். சீயும் ஜீயும் சோடி சேரும்; ஏக்கு எதிரே இன்னொரு ஏ வந்து சோடியில்லாமல் முழிக்கும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 என்ற இரண்டு புரதங்கள் கூட்டாக வந்து அந்தத் துருத்தலைப் பிடிக்கின்றன. பிழை தேடித் திருத்துவதுதான் அவற்றின் தொழில். கூத்து என்னவென்றால், அவை கூப்பிடுகிற ஆட்கள் துருத்தலை வெட்டாமல் எதிர் இழையை வெட்டி, துருத்தலின் அளவுக்கு நிரப்பி விடுகிறார்கள். திருத்தம் முடிய, தொடர் முந்தினதை விட நீளம். ஃபான்1 என்ற இன்னொரு புரதம் இதற்குத் தடை போடப் பார்க்கும்.

2019இல் வந்த ஆய்வு எங்களுக்கு மிகவும் பிடித்தது. சீ-ஏ-ஏயும் சீ-ஏ-ஜி போல குளூட்டமினைத்தான் எழுதும். ஆகவே தொடரின் கடைசியில் சீ-ஏ-ஏ ஒன்று நடுவில் நின்றாலும், இல்லாவிட்டாலும், புரதத்துக்கு வித்தியாசம் தெரியாது. வருத்தம் தொடங்குகிற வயதுக்குத் தெரிகிறது! இடையில் முறியாத சீ-ஏ-ஜி எவ்வளவு நீளம் என்பதையே அந்த வயது பின்தொடர்கிறது. 2025இல் இறந்தோர் தானம் செய்த மூளைகளைப் பார்த்தவர்கள், சில நரம்புக் கலங்களில் தொடர் பல வருடமாக மெல்ல மெல்ல வளர்ந்து, 150 அளவைத் தாண்டிய பிறகே கலம் குலையத் தொடங்குவதாகச் சொன்னார்கள்.

இரத்தப் பரிசோதனை 42 என்று சொன்னால் அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அந்த எண்ணைக் கேட்ட இருபது வயதுப் பிள்ளைக்கு "விதி" என்று சொல்லி அனுப்புவது அநியாயம். நடுவில் இருக்கிற அத்தனை வருடமும் ஏதாவது செய்யக்கூடிய காலம். எம்எஸ்எச்3ஐ அடக்கிப் பார்க்கும் மருந்து முயற்சிகள் நடப்பதும் அதனால்தான். கவனமும் வேணும்: திருத்துகிற புரதத்தை ஒரேயடியாக நிறுத்தினால் குடலில் கட்டிகள் வரும். எவ்வளவு அடக்கலாம், எந்த வயதில் தொடங்கலாம் என்பதில்தான் இப்போது சண்டை.