பாரிமகளிர் முகத்தில் கரி

1968ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பதினொரு படங்கள் பூட்டி வைக்கப்பெற்றன. அவை ஆட்சியைக் கவிழ்க்கத் தூண்டிய படங்கள் அல்ல. ஆடை குலைந்த படங்களும் அல்ல. ஏழெட்டு மணித்துளி அளவே ஓடும் அசையோவியப் படங்கள். நம் பிள்ளைகள் பொம்மைப்படம் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கின்றார்களே, அந்த வகையைச் சேர்ந்தவை. 1931 முதல் 1944 வரை வார்னர் உடன்பிறந்தார் நிறுவனம் வெளியிட்டவை. அவற்றின் தொலைக்காட்சி உரிமையை அந்நாளில் கையில் வைத்திருந்த யுனைட்டெட் ஆர்ட்டிசுட்சு நிறுவனம், இனி இவற்றை எந்த நிலையத்துக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. கறுப்பின மக்களை இழிவு செய்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்பெற்ற கரணியம்.

அப்பதினொன்றில் பெயர்பெற்றது ஒன்று, 1943இல் பாப் கிளாம்பெட்டு என்பவர் இயக்கியது. வெண்பனிப் பாவையும் ஏழு குள்ளரும் என்று உலகெங்கும் வழங்கும் கதையைத் தலைகீழாக்கி, அப்பாவையைக் கரியவளாக்கி, கதைமாந்தரைத் தடித்த உதடும் உருண்ட விழியுமாய் வரைந்து காட்டிய படம். அப்போதே, நிறமக்கள் முன்னேற்றத்திற்கான நாட்டுக் கழகம் அதனைத் திரும்பப் பெறுமாறு கேட்டது. எவரும் செவி சாய்க்கவில்லை. இன்னொரு நிறுவனம் 1941இல் ஆக்கிய, கறுப்பரைச் சோம்பேறிகளின் ஊராய்க் காட்டிய வேறொரு பொம்மைப்படமோ, அதே கழகத்தின் எதிர்ப்புக்குப் பின் 1949இல் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்துக் கேட்கக் கேட்கத்தான் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பெற்றன. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கு சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேதான் இப்பதினொரு படங்களும் பெட்டிக்குள் போயின. முதலாளிகளுக்குத் திடுமென அறம் பிறந்துவிடவில்லை. சிரிக்கப்பட்டவன் எழுந்து நின்றுவிட்டான். இனி அவனைக் காட்டிச் சிரிப்பது ஆதாயமன்று என்று வணிகன் கணக்கிட்டான். அவ்வளவே.

அமெரிக்கக் கறுப்பர் கதை தமிழன் இதழில் எதற்கு என்று சிலர் வினவலாம். காரைக்குடிக்காரர்கள் வினவவே கூடாது. வினவினால் அவர்களுக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

காரைக்குடியில் பிறந்தவர் ஏ.வி. மெய்யப்பனார். உலகப்போர்க் காலத்தில் சென்னையை விட்டுத் தம் ஊர்ப்பக்கம் வந்து, கீற்றுக் கொட்டகைகளில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தவர். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பெற்ற படம். பாரதியார் பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்ததில் அப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் அந்நிலையம் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. 1952இல் 'பராசக்தி' அங்கிருந்து வந்தது. இவற்றையெல்லாம் நாம் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. செட்டிநாட்டு மண்ணில் கால் ஊன்றி வளர்ந்த ஒரு நிறுவனம் என்ற உரிமையோடுதான் கேட்கின்றோம்.

அந்நிறுவனம் 2007 சூன் திங்களில் 'சிவாசி' என்னும் படத்தை வெளியிட்டது. இயக்கியவர் சங்கர், நடித்தவர் இரசினிகாந்து. அதிலே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரையும் கதைத்தலைவனுக்குக் கட்டிக்கொடுக்கத் துடிக்கின்றார். அப்பெண்கள் வந்து நின்றவுடன் அரங்கம் சிரிக்க வேண்டும். ஏன் சிரிக்க வேண்டும்? அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கறுப்பாய் இருக்கின்றார்கள். முகத்திலே அப்பிய கரும்பூச்சுத்தான் அங்கே நகைச்சுவை. வேறு எதுவும் இல்லை.

அவ்விருவர்க்கும் வைத்த பெயர் யாது தெரியுமா? அங்கவை, சங்கவை!

தமிழ் படித்தவர் நெஞ்சு இங்கே ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். பாரியின் மக்கள் பெயர் அவை. புறநானூறு பாரிமகளிர் என்று மட்டுமே சொல்லும்; அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கில் வந்த பெயர்கள். ஆயினும் அறுநூறு ஆண்டா, எண்ணூறு ஆண்டா என்று கணக்கிடத் தேவையில்லாமல் தமிழர் நாவில் ஊறிவிட்ட பெயர்கள். பாரியின் பறம்புமலை எங்கே இருக்கின்றது? இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அப்பால், சிங்கம்புணரிப் பக்கத்தில், பிரான்மலை என்னும் பெயரோடு நிற்கின்றது. படக்கொட்டகை தோன்றிய மண்ணும், பாரி ஆண்ட மலையும் ஒரே மாவட்டத்தில்!

மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியை வீழ்த்திய பின், தந்தையும் குன்றும் உடனிருந்த திங்களையும் இரண்டுமே இல்லாத திங்களையும் எண்ணி அம்மகளிர் பாடியது ஐந்தே அடி. தமிழில் அதற்கு மேலான கையறுநிலை உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. அதன்பின் அவர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராய்ச் சென்றார். விச்சிக்கோவிடம் சென்றார்; மணந்துகொள் என்றார்; அவன் இசையவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவன் கபிலரை இழித்தே பேசிவிட்டான். நண்பனின் மக்களைக் கொள்வார் இல்லையே என்று புலவர் பெருமகன் வெந்த வேக்காடு புறநானூற்றில் அப்படியே இருக்கின்றது.

இப்போது படத்தைப் பாருங்கள். பெண்கள் இருவர், பெயர் அதே பெயர், கொள்வார் இல்லை, மூத்தவர் ஒருவர் அவர்களை முன்னிறுத்தி மணம் பேசுகின்றார். கபிலரின் துயரம் முழுவதும் அப்படியே எடுக்கப்பெற்று, கரிபூசி, நகைப்பொருளாய் ஆக்கப்பெற்றிருக்கின்றது! தெரியாமல் நேர்ந்தது என்று தள்ளவும் வழியில்லை. அந்தத் தந்தையாய் நடித்தவர் பட்டிமன்றப் புகழ் வாய்ந்த தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா. கிளாம்பெட்டின் படத்திற்குக் குரல் கொடுத்தவர்களிலும் கறுப்பினக் கலைஞர்கள் உண்டு. கரிய பாவைக்குக் குரல் தந்தவர் விவியன் தாண்டிரிட்சு என்னும் கறுப்பினப் பெண்மணி. எம்மவரே நடித்தார் என்பது அங்கும் இழிவைத் துடைக்கவில்லை, இங்கும் துடைக்காது.

மறுபக்கம் நோக்குங்கள். கதைத்தலைவியின் பெயர் தமிழ்ச்செல்வி. அவளாய் நடித்தவர் வெள்ளைத் தோலுடைய வடபுலத்து நடிகை. தமிழ்ச்செல்வி வெள்ளையாம், பாரிமகள் கரியவளாம், முன்னவள் காதலுக்கு, பின்னவள் கேலிக்கு. அந்தத் தமிழ்ச்செல்வியின் பொருட்டுக் கதைத்தலைவன் வெள்ளையாகப் படாதபாடு படுகின்றான். ஈற்றில் ஒரு பாட்டில் வெள்ளைக்காரனாகவே தோன்றுகின்றான். அதற்கெனக் கணினியில் வெள்ளைக்காரி ஒருத்தியின் தோல்நிறத்தை எடுத்து, படச்சட்டம் படச்சட்டமாய் அவர் முகத்திலும் கையிலும் ஏற்றினார்கள். அப்படத்தின் சிறப்புக்காட்சி வேலைக்கு நடுவணரசின் நாட்டு விருதும் கிடைத்தது. அமெரிக்கன் மைதொட்டுச் சட்டம் சட்டமாய் வரைந்து கறுப்பனை இழிவாக்கினான்; நாம் அதே உழைப்பை உழைத்துக் கறுப்பனைக் கறுப்பனாகவே விடாமல் வெளுத்தோம். அவன் செய்தது பிறனுக்கு. நாம் செய்துகொண்டது நமக்கு.

இதே நிறுவனம் 1963இல் 'நானும் ஒரு பெண்' என்று ஒரு படம் எடுத்தது. திருலோகசந்தர் இயக்கியது. கரிய நிறத்தாள், எழுத்தறியாதாள் ஒருத்தி செல்வர் வீட்டுக்கு மருமகளாய்ப் போய்ப் படும் துன்பமே கதை. விசயகுமாரி கரிய ஒப்பனையோடு நடித்தார். கருநிறக் கண்ணனை நோக்கி அவள் முறையிடும் பாட்டைப் பி. சுசீலா பாடினார், கேட்டு அழாத வீடு இல்லை. அப்படத்தில் குறை இல்லாமல் இல்லை. கறுப்பு என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு கேடு என்பதை அதுவும் ஒப்புக்கொள்கின்றது. ஆனால் அதனைக் கண்டவர் அப்பெண்ணின் பக்கம் நின்று அழுதனர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றபின் அதே நிறுவனத்தின் படத்தில் அதே கரும்பூச்சு வந்தபோது, கண்டவர் எதிர்ப்பக்கம் நின்று சிரித்தனர். இடையில் 'முன்னேறியது' யார்?

தமிழன் கருமையை இழிவாய் எண்ணியவன் அல்லன். முல்லை நிலத்துத் தெய்வமே மாயோன். கரியவன் என்பது பொருள். கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டையும் ஒருசேர நிறுத்தி, இரண்டுமே வெகுளியைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொன்னார். ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்றாரில்லை. கழக இலக்கியத்தில் பெண்ணின் அழகு நிறத்திற்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் அது. காதலன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனி வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள் பாடினார். அன்று தமிழச்சி வெளுத்தால் நோய் என்றார்கள். தாய் கலங்கினாள், தோழி கலங்கினாள். இன்று வெளுக்கக் களிம்பு வாங்கித் தருகின்றாள் தாய். 1975இல் வந்த அக்களிம்பின் பெயரில் வெண்மையைக் குறித்த ஆங்கிலச் சொல் 2020இல் நீக்கப்பெற்றது. அதுவும் எங்கோ அமெரிக்கத் தெருவில் கறுப்பர் திரண்டெழுந்த ஆண்டில்தான்! நம் தெருவில் எவரும் கேட்டு நீக்கவில்லை.

நம் பேச்சையே எடுத்துக்கொள்வோம். 'பெண் நல்ல நிறம்' என்கின்றோம். வெள்ளை என்று பொருளாம். 'கலராய் இருக்கின்றாள்' என்கின்றோம், அதுவும் வெள்ளைதான். அமெரிக்காவில் நிறத்தவர் என்றால் கறுப்பர். இங்கே நிறம் என்றால் வெள்ளை. அப்படியாயின் கறுப்பு ஒரு நிறமே அன்று போலும்! 'கறுப்பாய் இருந்தாலும் களையாய் இருக்கின்றாள்' என்பதைப் புகழ்ச்சி என்று எண்ணிச் சொல்லுகின்றோம். அந்த 'இருந்தாலும்' என்னும் ஒரு சொல் எத்தனை பெண்களைச் சுட்டிருக்கும் என்று எண்ணியதுண்டா? சிவந்த நிறப்பெண் தேவை என்று மணவிளம்பரம் எழுதுகின்றோம். பெண் பார்த்து எழுந்த பின், நிறம் சற்று மட்டு என்று சொல்லி நகையில் இத்தனைப் பவுன் கூட்டுங்கள் என்று கேட்கும் வீடுகள் செட்டிநாட்டில் மட்டுமா, தமிழகம் எங்கும் உண்டு. கொட்டகையில் எழும் சிரிப்பு அங்கே பவுனாய் நிறுக்கப்படுகின்றது.

கடல்கடந்து சென்ற நகரத்தார் வீட்டு முதியோர்க்கு இதெல்லாம் புதிதன்று. மலேயாவில் 'கிளிங்கு' என்று இழித்துக் கூப்பிடப்பட்டவர்கள் நாம். பருமாவில் 'கலா' என்று சுட்டப்பட்டவர்கள். 1930இலும் 1938இலும் இரங்கூன் தெருக்களில் அடிபட்டவர்களும் நம்மவர்தாம். தோலையும் பெயரையும் காட்டிச் சிரிக்கும் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று அறிந்த மக்கள், ஊர் திரும்பிக் கொட்டகையில் உட்கார்ந்து தம் பெண்களின் தோலைக் கண்டு தாமே சிரிக்கின்றனர்!

நகைச்சுவையை நகைச்சுவையாய்ப் பாருங்கள் என்பார் சிலர். இரசினிகாந்தே கறுப்பர்தாமே, அவரே தம்மைக் கேலி செய்துகொள்ளவில்லையா என்பார் வேறு சிலர். கேலி செய்துகொண்டார், உண்மை. ஆனால் படம் முடியும்போது அவர் தலைவர். அவர் கருமை வீரம். அப்பெண்கள் இருவர்க்கோ அத்தகைய முடிவு ஒன்றும் இல்லை. ஆணின் கருமைக்கு ஒரு விலை, பெண்ணின் கருமைக்கு ஒரு விலை என்பதைத்தான் அது காட்டுகின்றது.

இப்படத்தைப் பூட்டி வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அமெரிக்காவிலேயே அப்பூட்டு முழுமையாய் நிற்கவில்லை. 2010இல் அப்பதினொன்றில் எட்டைப் புதுக்கி ஆலிவுட்டில் ஒரு திரைப்பட விழாவில் வரலாற்றுச் சான்றாய்க் காட்டினார்கள். வார்னர் நிறுவனம் தன் பழைய பொம்மைப்படத் தொகுப்புகளின் முகப்பில், இவ்விழிவுகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று தானே ஒப்புக்கொண்டு எழுதிவைத்தது. செய்ததை மறைப்பதிலும் செய்ததைச் சொல்லுவதே நேர்மை என்பது நம் கருத்தும் ஆகும். வெட்டியெறிந்துவிட்டால் நாளை எவனாவது அப்படியொன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவான்.

ஆகையால் படத்தின் உரிமையாளரிடம் நாம் கேட்பன இரண்டு. தொலைக்காட்சியில் இப்படம் ஓடும்போதெல்லாம் அக்காட்சியில் பாரிமகளிர் பெயரை ஒலியடக்க வேண்டும். படத்தின் முகப்பில், இக்காட்சி தவறு என்று இரண்டு வரி, தமிழில், படிக்கும் அளவுக்கு நின்று காட்டப்பெற வேண்டும். பணச்செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு பாட்டில் ஒருவரை வெளுக்கச் செய்த செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

காரைக்குடித் தமிழ் மாணவர்களிடம் கேட்பது வேறு. 1963 படத்தையும் 2007 படத்தையும் ஒருநாள் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் தாய்மாரையும் அக்கை தங்கையரையும் அழைத்து வாருங்கள். இரண்டாம் படத்தில் அங்கவையும் சங்கவையும் வந்து நிற்கும் இடத்தில் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். பிறகு பிரான்மலைக்குப் பேருந்து ஏறுங்கள்.