அம்மைக்கு மருந்து உண்டு

திருப்பூர் லைன் வீடுகளில் ஒருவருக்கு உடம்பில் கொப்புளம் கண்டால், ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். ஊசி போட்டால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும் என்ற பயம் பனியன் தொழிலாளர் பலரிடம் இன்னும் போகவில்லை. கோயில் தீர்த்தமும், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாளில் தலைக்கு ஊற்றும் தண்ணீருமே வைத்தியம் என்றாகிவிடுகிறது.

இந்த நம்பிக்கை வலுப்பெற்றது பெரியம்மைக் காலத்தில். அந்நோய்க்கு அன்று மருந்தே இல்லை. கும்பிடுவதை விட்டால் வேறு கதியில்லை. அதை ஒழித்தது தடுப்பூசிதான். 1975 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை; 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று வருபவை சின்னம்மையும் தட்டம்மையும். இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு வைரஸ்கள்.

சின்னம்மை பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். அந்தப் பெயரைத் தீர்த்தம் தட்டிக்கொண்டு போகிறது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்; மூன்றாம் நாள் தண்ணீருக்குக் காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் தரும் வைட்டமின் ஏ, பார்வையிழப்பையும் உயிரிழப்பையும் குறைக்கும். தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்திலிருந்தே அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நோயாளியைத் தனியே வைக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் சின்னம்மை கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பும் டெய்லர், பக்கத்து மிஷின்காரருக்கும் அதைக் கொடுத்துவிடுகிறார்.

கூலி போய்விடுமே என்று அவசரப்படுபவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ இருக்கிறது. உரிய காலம் சந்தா கட்டிய தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பூசாரி தரும் திருநீறு அங்கே செல்லாது. மாரியம்மனைக் கும்பிட வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. மருந்து சாப்பிடாதே என்று தடுக்கும் நம்பிக்கைதான் தொழிலாளியின் உடம்பையும் கூலியையும் சேர்த்தே கெடுக்கிறது.