தோட்டத்துத் தாள்களுக்கும் காப்பகம் வேண்டும்

மலாக்காத் தோட்டத் தமிழரின் தனிப்பட்ட தாள்களையும் தொழில்சார் பதிவுகளையும் திரட்டிக் காக்கும் பொறுப்பை மலாயாப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். மலாக்காவில் பிறந்த அரசியல் தலைவர் துன் டான் செங் லோக்கின் கடிதங்கள் தேசிய ஆவணக்காப்பகத்திலும் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்திலும் பத்திரமாக உள்ளன; அது முறைதான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதும் ஏடேறிவிட்டது. ஆயினும், மாநிலமெங்கும் பால்மரம் வெட்டியவர்களின் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, கோயில் கணக்கு, ஆசிரியர் நாட்குறிப்பு ஆகியவற்றுக்கு அந்த இடம் கிட்டவில்லை. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகும்போது லயத்தோடு அவையும் அழிகின்றன. அந்தரங்கம் வெளியாகுமோ என்ற தயக்கம் நியாயமானது. ஆனால், குறித்த காலம்வரை திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைப்பது காப்பகங்களில் வழக்கமே. 1956இல் இந்திய ஆய்வியல் துறை கண்ட பல்கலைக்கழகத்துக்கு இப்பொறுப்பு சலுகையன்று, கடமை. ஜாசின், அலோர் காஜா வட்டாரக் குடும்பங்கள் பழைய பெட்டிகளை எடைக்குப் போடாமல் வைத்திருக்க வேண்டுகிறோம்.