ஒன்றரைக் கிலோவின் விலை

கோவையிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் சாலைகளில் ஒன்று வேலந்தாவளம் வழியாகப் போகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். கடையில் பேரம் தமிழில் நடக்கும். சுவரொட்டி மலையாளத்தில் இருக்கும். மனிதர்களுக்குத்தான் இந்த எல்லைக்கோடு. பன்றிக்கு அது தெரியாது. இரவு எட்டு மணிக்கு ஒரு மாநிலத்தில் கடலைக்காட்டைக் கிளறிவிட்டு, பத்து மணிக்கு மறு மாநிலத்தில் கிழங்கைத் தோண்டப் போய்விடும்.

அங்கே தென்னையும் கடலையும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இருக்கிற பரணை விட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு போய் இடம் மாற்றக்கூடிய ஒரு மறைவு அவருக்கு வேண்டுமாம். நாலு கம்பு, மேலே ஒரு பச்சைத் துணி.

"ஒரே மூலைல உக்காந்தா பன்னி அடுத்த மூலைக்குப் போயிருதுங்க. பையன் அலுமினியக் குழாய் வாங்கலாங்கறான். லேசா இருக்குமுங்க. வாங்கிப் போடலாமுங்களா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் அந்த மறைவின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மறைந்திருந்து காட்டுவிலங்கைப் பார்ப்பது நமக்குப் பழைய தொழில். தினைப்புனம் காக்கும் பரணுக்குச் சங்கத் தமிழ் 'இதணம்' என்றே பெயர் வைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அதே பரணில் துப்பாக்கி ஏறியது. இந்தியில் அதற்கு மச்சான் என்று பெயர். ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் தங்கள் புத்தகங்களில் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். நம்மூரில் மச்சான் என்றால் வேறு தொந்தரவு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைப் பரணுக்கு வேலை போயிற்று. மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: பறவையைப் படம் பிடிப்பவரும் பயிரைக் காப்பவரும்.

மூன்றாவதாக ஒருவர் அண்மையில் திரும்பி வந்திருக்கிறார். 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரராக இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. சாலையைத் தாண்டினால் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை மட்டும், அதுவும் வனத்துறையினரே சுட வேண்டும். ஆக, நிலத்துக்காரர் மறைவில் உட்காரலாம், பார்க்கலாம், விளக்கடித்து விரட்டலாம். துப்பாக்கி அவர் கைக்கு வரவில்லை.

இனி கம்புக்கு வருவோம். 2 மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் உள்ள அலுமினியக் குழாய் ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். அதே அளவு இரும்புக் குழாய் 1,700 கிராமுக்கு மேல். நாலு கம்புக்கு அலுமினியம் இரண்டரைக் கிலோ, இரும்பு ஏழு கிலோ. தோளில் சுமக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் லேசாக இருப்பது வேறு, வளையாமல் நிற்பது வேறு. குழாயின் இரு முனைகளையும் கல்லில் வைத்து, நடுவில் 10 லிட்டர் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரும்பு 1 சென்டிமீட்டர் போல வளையும், அலுமினியம் 3 சென்டிமீட்டர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று துணியைப் பாய்மரமாக்கும் ஊரில் இதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் பக்கமே போக வேண்டாம். சித்தூர் வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் வில்லாகிவிடும்.

இப்போது மூங்கில். நடுவில் துளை இல்லாத கல்மூங்கிலில் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள 2 மீட்டர்க் கம்பு, நன்றாகக் காய்ந்தபின் சுமார் 1 கிலோ இருக்கும். வாளிச் சோதனையில் அதுவும் அலுமினியம் அளவுக்குத்தான் வளையும். நாலு கம்பு 4 கிலோ. அதாவது கடையில் காசு கொடுத்து அலுமினியம் வாங்குகிறவர் மிச்சப்படுத்துவது ஒன்றரைக் கிலோ.

அந்த ஒன்றரைக் கிலோவுக்கு இன்னொரு விலையும் உண்டு. அலுமினியத்தில் மின்சாரம் பாயும்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசு பன்றி உத்தரவு போட்ட அதே 2022 மே மாதம், முட்டிக்குளங்கரை ஆயுதப்படை முகாமுக்கு அருகே வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் இறந்து கிடந்தார்கள். பன்றிக்கு வைத்த மின்கம்பி அவர்களைக் கொன்றிருந்தது. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதேபோல் செத்தார்கள். நிலத்துக்காரர் உடல்களை வயலிலேயே புதைத்துவிட்டார். நாலு பேரும் அந்தக் கம்பிக்கு நோக்கமே இல்லாதவர்கள்.

முறையான சூரிய சக்தி வேலி, ஒரு நொடிக்கு ஒரு தரம் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் குறைவாக அடித்துவிட்டு நிற்கும். தொட்ட விலங்கு உதறிக்கொண்டு ஓடிவிடும். வீட்டு மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் விட்டால் அது நிற்பதே இல்லை. தசை இறுகிப் பிடித்த கை விடாது. இரவில் பார்க்கும்போது இரண்டு கம்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட வயல்களுக்கு நடுவே, இருட்டில், ஆறடிக்கு மேல் நீளமான உலோகக் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு இடம் மாற்றுவதை யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் என்ன கட்டியிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? தேங்காய், மாங்காய் பறிக்கும் உலோகத் துரட்டி மேலே போகும் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போவதும், மின்வாரியம் எச்சரிப்பதும் கேரளத்தில் ஆண்டுதோறும் நடப்பது. எல்லாவற்றையும்விட லேசானது என்று கார்பன் ஃபைபர் கம்பைக் காட்டுவார்கள். அதிலும் மின்சாரம் பாயும். கண்ணாடியிழைக் கம்பில் பாயாது. எடையும் மூங்கிலைவிடக் குறைவு. ஆனால் வெயில் பட்டுத் தோல் உரிந்தால் கையெல்லாம் சிலாம்பு ஏறும்.

மூங்கிலும் கவசம் அல்ல. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். கம்பு எதுவானாலும் கால் கம்பியை மிதித்தால் முடிந்தது. ஆகவே மறைவைப் பகலில் நடுங்கள், மேலே மின்கம்பி போகாத இடம் பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு நகருங்கள். திருட்டுக் கம்பி கண்ணில் பட்டால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது.

மூங்கில் தேர்வுக்கு மூன்று விஷயம் போதும். மூன்று வயது தாண்டிய கழியாக இருக்கட்டும். இளசில் வெள்ளைப் பொடியும் பாளையும் ஒட்டியிருக்கும், காய்ந்தால் சுருங்கும்; முற்றியதில் பளபளப்புப் போய்த் திட்டுத்திட்டாகப் பாசி பிடித்திருக்கும். வெட்டியதை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் மாவுச்சத்து வடிந்துவிடும், வண்டு சீக்கிரம் துளைக்காது. மேல்முனையைக் கணுவை ஒட்டி வெட்டினால் பிளக்காது. நடும்போது கம்பின் தலையில் அடிக்காமல், கடப்பாரையால் குழி போட்டு இறக்க வேண்டும். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் வளரும் மூங்கில் வனச் சட்டத்தில் மரம் என்ற கணக்கில் வராது. காட்டு மூங்கிலில் கை வைத்தால் குற்றம்தான்.

இன்னொன்று. இந்த நாலு கம்பு துணியைத் தாங்கும், ஆளைத் தாங்காது. பஞ்சாயத்து அனுப்பும் துப்பாக்கிக்காரரைத் தரையோடு தரையாக இந்த மறைவில் உட்கார வைக்கக் கூடாது. சமநிலத்தில் குறி தப்பிய குண்டு யார் வீட்டுத் திண்ணை வரை போகும் என்று சொல்ல முடியாது. உயரமான பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் மண்ணில் புதையும். யானை வரும் இடத்திலும் இந்த மறைவு உதவாது. அரிசிக்காகக் கடையையும் வீட்டையும் உடைத்த அரிக்கொம்பனை 2023-ல் சின்னக்கானலிலிருந்து லாரியில் ஏற்றினார்கள். சுவருக்கே அஞ்சாத யானைக்குத் துணி எம்மாத்திரம்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விவசாயி தன் வேலியோர மூங்கில் புதரைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு கிலோ ஒண்ணும் பாரமில்லீங்க. கடலை மூட்டை தூக்கற தோளுதானுங்களே" என்றார்.

பையனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.