பூச்சுக்குப் பின்னால் பாருங்கள்



மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் பேசும் ஊர் நமது. அதனால் வாடகை வீடு பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு. ஆனால் இன்று நம் பெண்பிள்ளைகள் வைத்தியராகவும் ஆசிரியையாகவும் வெளிமாவட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு வாடகை வீடுதான்.

என் தங்கை மகளுக்குக் காலியில் வேலை கிடைத்தபோது, கோட்டைக்குள் வீடு பார்க்க நானும் கூடப் போனேன். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. உள்ளே மீரான் பள்ளிவாசல் இருக்கிறது, தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் பிள்ளைக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

பழைய மாடி வீடொன்றைத் திருத்தி, கீழ்த்தளத்தைத் தனி வீடாக்கியிருந்தார்கள். புதுப் பெயின்ட், புதுக் குளியலறை, பளபளக்கும் தரை. ஆனால் சுவரின் அடியில் கையை வைத்தால் வெள்ளை மாவைப்போல உப்பு ஒட்டியது. அந்தக் காலத்துச் சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. அவை ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பிறகு உப்புப் பூக்கும், பூச்சுக் கழரும், பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளைக்கு அந்த அறை ஆகாது. ஆகவே பழைய வீட்டை முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள். அலுமாரியை நகர்த்திப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள். தண்ணீருக்கும் கரண்டுக்கும் தனி மீற்றர் உண்டா என்றும் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் எழுத்து. வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்டார். ஆனால் "உறுதி எல்லாம் எதுக்கு, வாய்ப்பேச்சுப் போதும்" என்றார். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தில் செல்லாது. இடையில் வீட்டைவிட்டு எழும்பச் சொன்னால் கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இராது. நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு, உறுதி எழுதச் சம்மதித்த வேறொரு வீட்டை எடுத்தோம். அது சிங்களத்தில் இருந்ததால், வரிக்கு வரி தமிழில் விளக்கிய பிறகுதான் பிள்ளை கையெழுத்து வைத்தாள்.

வீடு கொடுப்பவருக்கும் இதே கவனம் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். 99 வருடம் என்பது மூன்று தலைமுறை. இன்று கையெழுத்து வைப்பவளின் பேத்திகூட அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் நம் ஊரில், கையெழுத்துக் கேட்டு வருவதும் பெண்ணிடம்தான்.

எழுதிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. குர்ஆனின் மிக நீளமான வசனமே, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான். வெட்கப்படாமல் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கும் கேட்கப் பழக்குங்கள்.