புதுப் புல்லுக்கு மட்டும் தினமும் தண்ணீரா?

2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், சியரா நெவாடா மலையில் வெறும் புல்வெளியில் நின்று பேசினார். வழக்கமாக அந்த நாளில் அங்கே ஐந்தடிக்கு மேல் பனி கிடக்கும். நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க அன்று அவர் உத்தரவிட்டார். முதல் அடி விழுந்தது வீட்டு வாசல் புல்தரைக்கு.

உடனே நகரவாசிகள் கேட்டார்கள்: மாநில மக்கள் எடுத்துப் பயன்படுத்தும் நீரில் சுமார் 80 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறதே, அதற்கு ஏன் விலக்கு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் மத்தியப் பள்ளத்தாக்கில் கூட்டாட்சி அரசின் கால்வாயை நம்பிய பல விவசாயிகளுக்கு 2014, 2015 இரு ஆண்டுகளும் ஒதுக்கீடு பூஜ்ஜியம். மடை அடைபட்டவரைச் சலுகை பெற்றவர் என்பது பொருந்தாது. அதேசமயம், ஆழ்துளைக் கிணற்றை நம்பி வறட்சியிலும் புதிதாகப் பாதாம் நட்டவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். தக்காளி நிலத்தை ஒரு பருவம் தரிசாக விடலாம். பாதாம் தோப்பை விட முடியாது. தெரிந்தேதான் நட்டார்கள்.

இதே குறை புல்தரை விதிகளிலும் உண்டு. அமெரிக்காவின் மறுகோடியில் உள்ள புளோரிடாவைப் பாருங்கள். அங்கே தென்மேற்கு நீர் மேலாண்மை மாவட்டத்தின் வழக்கமான விதிப்படி, புல்தரைக்கு வாரத்தில் குறித்த நாள்களில்தான் தண்ணீர். புதிதாகப் பதித்த புல்லுக்கு மட்டும் 60 நாள் சலுகை: முதல் 30 நாள் எந்த நாளும், அடுத்த 30 நாள் ஏறக்குறைய ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பயிரியல்படி இது சரி. பதித்த புல்லுக்கு வேர் இறங்கும்வரை மேல்மண் ஈரம்தான் உயிர். ஆனால் வேர் பிடித்த புல் அப்படியல்ல. அமெரிக்கர்கள் பெர்முடா புல் என்று சொல்வது நம் அருகம்புல்தான். காய்ந்து பழுப்பாகும், ஆனால் சாகாது. மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் தளிர்க்கும். வரப்பில் அதைக் கொத்திக் கொத்திச் சலித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

விளைவைப் பாருங்கள். புல்லைக் காயவிட்டுப் பொறுத்தவருக்கு முறைத் தண்ணீர். பெயர்த்தெறிந்து புதுப் புல் பதித்தவருக்குத் தினமும் தண்ணீர். வறட்சி அறிவித்த நாள் முதல் புதுப் புல் சலுகையை நிறுத்தி, பதிப்பதை மழைக்காலத்துக்குத் தள்ளிவைப்பதே முறை. விலக்கு தருவதானால் மரங்களுக்குத் தரலாம். பட்டுப்போன மரத்தின் நிழலைத் திரும்பப் பெற இருபது, முப்பது ஆண்டு ஆகும்.

புளோரிடா விதியில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. அந்த நாள் கட்டுப்பாடு வீட்டுக் கிணற்றுக்கும் பொருந்தும். கலிபோர்னியாவின் 25 சதவீதமோ நகரக் குடிநீர் வழங்கல் அமைப்புகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. சொந்தக் கிணறு வெட்ட வசதியுள்ளவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.